அக்காவின் முன்பல்லும் ஒரு வரியும்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு நாளிதழில் வாரம் ஒருமுறை பல் நலச் செய்தி எழுதுகிறவன் நான். பல் மருத்துவன் அல்ல. என் வாயிலேயே சொத்தைக்கு அடைத்த பற்கள் நான்கு இருக்கின்றன. எங்கெங்கோ வெளியாகும் பல் ஆய்வுகளைத் தேடிப் படித்து, நூற்றைம்பது சொற்களுக்குள் சுருக்கித் தருவது என் வேலை. பத்து மாதங்களுக்கு முன் அப்படி எழுதிய ஒரு செய்தியால் என் அக்காவின் முன்பல் போயிற்று. அதைக் கட்டுரையாக எழுத உட்கார்ந்தேன். கை ஓடவில்லை. கதை என்றால் அங்கங்கே பொய் சொல்லிக்கொள்ளலாமே என்று இதற்குள் புகுந்துகொண்டேன்.

2

முதல் தொடக்கம்: "பல் மருத்துவரின் அறை வெள்ளையாக இருந்தது, ஏதோ ஒரு..."

(ஏதோ ஒரு என்ன? அரை மணி நேரம் யோசித்துப் பார்த்தேன். அறை வெள்ளையாக இருந்தது, அவ்வளவுதான்.)

இரண்டாம் தொடக்கம்: "அக்கா தையல் கடை வைத்திருக்கிறாள். நூலைப் பல்லால்தான் கடிப்பாள்."

இது இருக்கட்டும். கழுத்தில் கத்தரிக்கோல் தொங்கும்போதே கடிப்பாள். கேட்டால், "அது துணிக்குடா, இது நூலுக்கு" என்பாள். என் செய்திகளை வாரம் தவறாமல் வெட்டி, பொத்தான் டப்பாக்களுக்குப் பக்கத்தில் ஓர் உறையில் போட்டு வைப்பாள். படிப்பதில் மட்டும் ஒரு விசித்திரப் பழக்கம் உண்டு: கடைசிப் பத்தியைத்தான் முதலில் படிப்பாள். "என்ன செய்யணும், என்ன செய்யக்கூடாதுன்னு அங்கதானே போடுவ. மேல நீ அளக்கிறத அப்புறமா படிச்சுக்கறேன்."

(இந்தப் பழக்கத்தை மறந்துவிடாதீர்கள். நான் மறந்ததால்தான் இந்தக் கதை.)

அந்த முன்பல்லின் ஓரத்தில் ஒரு சிறு சொத்தைக் குழி இருந்தது. அடைத்துவிடலாம் என்று பல் மருத்துவர் நாள் கொடுத்திருந்தார். அதே வாரம் என் செய்தி வந்தது: ஒரு புதுவகைப் பற்பசை, பல்லின் மேற்பூச்சில் ஏற்படும் சேதத்தைச் சரிசெய்கிறதாம். அக்கா என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மருத்துவரைப் பார்க்கப் போகாமல் பசையை வாங்கிவிட்டாள்.

3

செய்தி பொய்யில்லை. பசை தயாரித்தவர்கள் அனுப்பிய அறிக்கையை நம்பாமல், பல் மருத்துவக் கல்லூரி நூலகத்துக்கே போனேன். அங்கிருந்த நூலகர் அம்மா முழு ஆய்வையும் தேடி எடுத்துத் தந்தார்.

"சுருக்கத்த மட்டும் படிச்சிட்டு ஓடிடாதீங்க தம்பி. எதுல சோதிச்சாங்க, எத்தனை பேர்கிட்ட சோதிச்சாங்க, யார் செலவுல சோதிச்சாங்க. இந்த மூணையும் பாத்துட்டு எழுதுங்க."

"ஒரே ஒரு ஆய்வு போதுமாம்மா?"

"பத்து ஆய்வ ஒண்ணா வச்சு அலசின கட்டுரை இருக்கான்னு தேடிப் பாருங்க. இதுக்கு அப்படி ஒண்ணும் இல்ல. அதையும் எழுதுங்க."

சொன்னதோடு விடாமல், ஆய்வின் ஏழாம் பக்கத்தில் ஒரு வரியைப் பென்சிலால் அடிக்கோடிட்டார். நான் அதை அப்படியே என் செய்தியின் கடைசி வரியாக எழுதினேன்: "இச்சோதனை ஆய்வகத்தில், பிடுங்கிய பற்களில் நடந்தது, குழி விழுந்த பல் உள்ளவர்கள் இதை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம்."

[பக்கக் குறிப்பு: பல் பற்றிய செய்தி எதைப் படித்தாலும் நூலகர் அம்மாவின் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். என் செய்தியைப் படித்தாலும்தான்.]

4

அந்த வரி அச்சில் வரவில்லை.

இந்த இடத்துக்கு ஒரு வில்லன் தேவைப்பட்டார். எங்கள் அலுவலகத்தில் செய்திகளை அடுக்கிப் பக்கம் கட்டுகிறவரைப் பிடித்துப் போட்டேன். பெரிய மீசையும் முன்கோபமும் கொடுத்தேன். இடம் பற்றாதபோது செய்தியைக் கீழிருந்து வெட்டுவது எங்கள் வழக்கம். அவர் யாரையும் கேட்காமல் வெட்டிவிட்டதாக எழுதினேன். நன்றாகவே வந்திருந்தது. பெருமையில் அவரிடமே படிக்கக் கொடுத்தேன்.

"நல்லாத்தான் இருக்கு சார். ஆனா எனக்கு மீசையே இல்லையே."

"கதைதானே."

"சரி, மீசை இருந்துட்டுப் போகட்டும். அந்த வரிய நான் எங்க சார் வெட்டினேன்? மூணு வரி மிஞ்சுது, என்ன செய்யன்னு உங்களக் கேட்டேன். கடைசிய எடுத்துடுங்கன்னு நீங்கதான் சொன்னீங்க."

ஆமாம், சொன்னேன். வீட்டுக்குக் கிளம்பும் அவசரம். செய்தியோடு ஒரு பெண் முழுப் பல்லும் தெரியச் சிரிக்கும் படம் இருந்தது. அந்தப் படத்தில் இரண்டு பல்லைக் குறைத்திருந்தால் வரி தப்பித்திருக்கும். அக்கா கடைசிப் பத்தியிலிருந்து படிக்கிறவள்; அவள் கண்ணில் முதலில் பட்டிருக்க வேண்டிய வரியும் அதுதான்.

(பக்கம் கட்டுகிறவரின் முன்கோபத்தைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். மீசையையும்.)

5

போன மாதம் ஒரு சட்டைக்குக் கைமடிப்பு தைத்து முடித்து நூலைக் கடித்தபோது, பல் ஈறுக்குக் கீழே ஒடிந்தது. உள்ளே குழி அவ்வளவு தூரம் போயிருந்தது. நான்தான் கூட்டிக்கொண்டு போனேன்.

பல் மருத்துவர் விளக்கைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அன்னைக்கே வந்திருந்தா இருபது நிமிஷ வேலை. இப்ப எடுத்துத்தான் ஆகணும். ஏன் வரல?" என்று கேட்டார்.

அக்கா வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு சொன்னாள்: "தப்பு என்மேலதான் டாக்டர். பேப்பர்ல பசையப் பத்திப் படிச்சேன். அதுல சரியாத்தான் போட்டிருப்பாங்க. எனக்குத்தான் புரியல."

"கண்ட கண்டதையும் பேப்பர்ல போடறாங்க."

"அப்படிச் சொல்லாதீங்க டாக்டர். எழுதினது என் தம்பி. எதையும் தீர விசாரிக்காம எழுதமாட்டான்."

மருத்துவர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த பல் படத்தைப் பார்த்தேன். கடைவாய்ப் பல்லுக்கு எத்தனை வேர் என்று எண்ணினேன். எனக்கு அழுகை வந்தது. தும்மல் என்று சொல்லிச் சமாளித்தேன்.

6

முடிவுகள்.

அ) அங்கேயே எழுந்து உண்மையைச் சொல்கிறேன். (சொல்லவில்லை. கதைக்காகக்கூட எழுத வரவில்லை.)

ஆ) நாளிதழில் திருத்தம் வெளியிடுகிறேன். (வெளியிட்டேன். ஆறாம் பக்கத்து மூலையில், யார் தப்பு என்று சொல்லாமல். அக்கா அதையும் வெட்டி உறையில் போட்டுவிட்டுச் சொன்னாள்: "பாரேன், எவனோ செஞ்ச தப்புக்கு நீ திருத்தம் போட வேண்டியிருக்கு.")

இ) அக்கா கடையில் தைக்கிறாள். நூலை வாய்க்குக் கொண்டுபோகிறாள், காலி இடம் நினைவுக்கு வந்து கழுத்தில் தொங்கும் கத்தரிக்கோலை எடுக்கிறாள். அதைப் பார்த்துக்கொண்டு நான்...

(இது முடிவே இல்லை. தினமும் நடப்பது.)

7

இந்தக் கதை ஞாயிறு இணைப்பில் வருகிறது. பக்கம் கட்டுவது அதே மனிதர். இடம் பற்றாது, எதையாவது வெட்டித்தான் ஆக வேண்டும் என்று இப்போதே சொல்லிவிட்டார். இந்த முறை கீழே கை வைக்காதீர்கள், மேலே எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். வெள்ளை அறையை எடுக்கலாம், மீசையை எடுக்கலாம், என் தும்மலை எடுக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா தையல் இயந்திரத்துக்கு முன்னால் உட்கார்ந்து தாளை விரிப்பாள். அதற்கப்புறம் என்ன நடக்கும் என்பதை நான் எழுதப் போவதில்லை. உங்களுக்கும் ஒரு தம்பியோ அக்காவோ இருந்தால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம், அவள் எங்கிருந்து படிக்கத் தொடங்குவாள் என்பது மட்டும்தான்.

அக்கா, நீ சரியாகத்தான் படித்தாய். பல்லை அடைப்பதைத் தள்ளிப்போடாதே என்று கடைசியில் ஒரு வரி இருந்தது, அதை எடுக்கச் சொன்னது நான்.