நாற்பத்தொன்பது இறகுகள்

ஹார்ப்சிகார்டு பியானோவுக்கு மூத்த கருவி. கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு மரத்துண்டு எழும்பும். அதில் செருகிய இறகுத்தண்டு தந்தியை மீட்டும். நாற்பத்தொன்பது கட்டைகள், ஆகவே நாற்பத்தொன்பது இறகுகள். அப்படி ஒன்றை நானே வீட்டில் செய்துகொண்டிருந்தேன். இறகுக்குப் பதில் பிளாஸ்டிக்கே போதும் என்றது வழிகாட்டி நூல். முப்பதாண்டு பிறர் பிழையைத் திருத்திய தமிழாசிரியன் பிளாஸ்டிக்குக்கு இறங்குவதா? நன்னிலத்தில் காக்கைக்குப் பஞ்சமில்லை. உதிர்ந்த இறகுகளை ஆறு மாதம் பொறுக்கினேன். கழுவி, மொட்டைமாடிக் கொடியில் கிளிப்பு மாட்டித் தொங்கவிட்டேன். இடைவெளி ஒவ்வொன்றும் இரண்டு அங்குலம். அதில் எனக்குப் பெருமை.

மறுநாள் அப்பாவின் திதி என்பதுதான் நினைவில் இல்லை.

பதினொரு மணிக்கு மாடிச் சுவரில் படையல் சோற்றை இலையோடு வைத்தோம். காக்கை எடுக்காமல் என் மனைவி சாவித்திரி சாப்பிட மாட்டாள். சர்க்கரை நோய்க்காரி, மாத்திரை மட்டும் போட்டிருந்தாள். தென்னையில் இருபது காக்கைகள் கத்தின. ஒன்றும் இறங்கவில்லை.

"காக்கா வரக் கூடாதுன்னு கடலைக் கொல்லையில செத்த காக்காயக் கட்டித் தொங்கவிடுவாங்க," என்றாள் சாவித்திரி. "நீங்க நாப்பத்தொம்பது தொங்கவிட்டிருக்கீங்க."

கழற்றினேன். கடைசி இறகு கையில் இருந்தபோது ஒரு காக்கை என் உச்சந்தலையில் கொத்திவிட்டுப் போயிற்று. மணி ஒன்று. சாவித்திரியின் விரல்கள் நடுங்கத் தொடங்கியிருந்தன.

"ஒரு வாய் சாப்பிடேன்."

"மாமா சாப்பிடாம நானா?"

அடுத்த மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பாத்திரக்கடை மூஸா பாய் எட்டிப் பார்த்தார். "சார், எறகு போயிடுச்சு, மூஞ்சி போகலையே! அதுங்களுக்கு உங்கள நல்லா அடையாளம் தெரியும். நீங்க கீழ எறங்குங்க. அம்மா, இலைய இப்படிக் குடுங்க, நம்ம செவுத்துல வைப்போம்."

பெற்ற தந்தையின் திதியில், மகன் இருக்கக் கூடாத ஒரே இடம் அவன் வீட்டு மொட்டைமாடி. இறங்கினேன். கடைசிப் படியைத் தொடுமுன் மேலிருந்து சாவித்திரியின் குரல் வந்தது: "எடுத்துருச்சுங்க!"

நான் தொடங்கிய எதையும் அப்பா உயிரோடிருந்தபோதும் ஆதரித்ததில்லை. காக்கையாய் வந்து மூஸா பாய் வீட்டுச் சுவரில் வயிறாரச் சாப்பிட்டார். சாவித்திரி மாடிப்படியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டாள்.

மாலையில் ஐஸ்கிரீம் டப்பாவின் மூடியைச் சீவி முதல் கட்டைக்குப் பொருத்தி அழுத்தினேன். குறை சொல்ல முடியாத ஒலி.

"என்ன சார், புது சைக்கிளா? மணிச் சத்தம் கேக்குதே!" என்றார் மூஸா பாய், சுவருக்கு அப்பாலிருந்து.

மீதி நாற்பத்தெட்டுக்கு அவரிடம்தான் பிளாஸ்டிக் மூடி கேட்டிருக்கிறேன்.