வெள்ளை நாடா

கிழக்கு வெளுக்கும் முன்பே கடப்பாரைச் சத்தம் தீவை எழுப்பிவிட்டது. மேலே மணல், அடியில் பாறை. கடப்பாரை பாறையில் பட்டு நழுவும்போதெல்லாம் சொட்டையின் பல்வரிசை ஒருமுறை ஆடி நின்றது. தலையில் இல்லாத முடியால் வந்த பெயர் அது. இப்படியே போனால் சீக்கிரம் பொக்கை என்று மாற்றிக்கொள்ளலாம் என்று அவனே சொல்லிச் சிரிப்பான்.

காலைப் படகில் சுற்றுலாப் பயணிகள் வருவார்கள். ஆளுக்கொரு கன்று நட்டு, பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். அவர்கள் கட்டும் கட்டணத்தில்தான் தீவுக்குப் பழைய காடு திரும்பிக்கொண்டிருந்தது, அதில் பொய்யில்லை. விட்டுப்போன பறவைகள்கூட வந்து முட்டையிட்டன. ஆனால் பயணிகளின் கை பூப்போன்ற கை. அதனால் முழங்கால் ஆழக் குழிகளைத் தீவிலேயே குடியிருக்கும் சொட்டை போன்ற வேலையாட்கள் விடியுமுன் தோண்டி வைத்துவிட வேண்டும்.

மிச்ச நேரத்தில் முட்புதரை ஒழிப்பது வேலை. எங்கிருந்தோ வந்து தீவையே விழுங்கப் பார்த்த புதர். பிடுங்க வேண்டிய செடிக்குச் சிவப்பு நாடா, இருக்க வேண்டியதற்கு வெள்ளை நாடா. எழுதப் படிக்கத் தெரியாதவனும் தப்பு செய்ய முடியாது.

குடிக்கத் தண்ணீர் எடுத்துவர வீட்டுக்குப் போன சொட்டையின் மனைவி வெறும் குடத்தோடு திரும்பி வந்தாள்.

"நம்ம கதவுல சிவப்பு கட்டியிருக்குங்க."

அவன் ஓடிப்போய்ப் பார்த்தான். வேலையாட்களின் தகர வீடுகள் வரிசையாக நின்றன. ஒவ்வொரு கதவிலும் சிவப்பு நாடா காற்றில் துடித்தது. பழக்க தோஷம், கடப்பாரையைப் பிடித்திருந்த கை தானாக இறுகியது. சொந்த வீட்டையே பெயர்க்கக் கிளம்பிய கையை நினைத்து அவனுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

இருட்டோடு தனிப்படகில் வந்திருந்த மேனேஜர் படகுத்துறையில் நின்றார். சொட்டையும் மனைவியும் மற்றவர்களும் அவரிடம் போனார்கள். நல்ல மனிதர், குரலை உயர்த்தியே பேசத் தெரியாதவர்.

"தப்பா நினைக்காதீங்கண்ணே. தீவு பழைய நிலைக்குத் திரும்பணும்னா ராத்திரியில மனுஷங்க இங்க தங்கக் கூடாதாம். நாளைக்கு வீடுகளைப் பிரிக்க ஆள் வருது. வேலை எங்கயும் போகாது. கரையில வீடு பாத்துக்கிட்டு தினம் படகுல வாங்க."

"என் பொண்டாட்டிக்குப் படகு ஒத்துக்காதுங்க சார்."

"மாத்திரை இருக்கேண்ணே."

மாத்திரைக்கெல்லாம் அடங்குகிற விஷயமா அது? கல்யாணமான புதிதில் ஒரே ஒருமுறை அவள் கடலைத் தாண்டினாள். குடலே வாய்வழியாக வந்துவிடும்போல வாந்தியெடுத்து, உதடு நீலமாகி, கட்டையாகத்தான் இந்தத் தீவில் இறங்கினாள். அதற்குப் பிறகு பெற்ற தாய் செத்தபோதுகூடப் போக முடியாமல் இதே துறையில் நின்று கடலைப் பார்த்து அழுதாள். அதை மேனேஜரிடம் எப்படிச் சொல்வது என்று சொட்டைக்குத் தெரியவில்லை.

மேனேஜர் கனிவோடு ஒரு வழி சொன்னார். "அப்போ அவங்க கரையிலயே இருந்துடட்டும். ஒரு தடவைதானே தாண்டணும்."

"அப்போ என் வேலை?" என்று அவள் கேட்டாள்.

"என் கையில எதுவும் இல்லம்மா. எல்லாம் மேல இருக்கறவங்க முடிவு."

அது பொய். அவர் கையில் சிவப்பு நாடாச் சுருள் இருந்தது.

யாரும் சண்டை போடவில்லை. என்ன சொல்லிச் சண்டை போடுவது? வேறு போக்கிடம் தெரியாத கால்கள் எல்லாரையும் குழிகளுக்கே கூட்டிவந்தன. தூரத்தில் சுற்றுலாப் படகு பொட்டாகத் தெரிந்தது. சொட்டையின் மனைவி கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தான் நின்ற இடத்துக் குழிக்குள் இறங்கினாள். குனிந்து இரண்டு கையாலும் மண்ணை இழுத்துக் கால்களை மூடினாள்.

"என்னடி பண்ற?"

"வெள்ளை கட்டினதைத்தான் யாரும் தொடக்கூடாதே. ஒண்ணு எடுத்துக் கட்டுங்க."

மடியிலிருந்த வெள்ளை நாடாவை எடுத்து அவள் மணிக்கட்டில் கட்டினான்.

"இறுக்கிக் கட்டுங்க. காத்து அடிக்குது."

கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிற பெரியவர் முனகிக்கொண்டே பக்கத்துக் குழியில் இறங்கினார். "எனக்கு முட்டி மடங்காது. நின்னுக்கிட்டே பண்ற போராட்டமா இருக்கிறது நல்லதாப் போச்சு" என்று கையை நீட்டினார். அப்புறம் அடுத்த வீட்டுக்காரி. அப்புறம் கன்று சுமப்பவர்கள். நாடா கைமாறிக் கைமாறி வரிசையின் கடைசிவரை போனது. சொட்டை தன் கையில் தானே கட்டிக்கொள்ள முடியாமல் பல்லால் இழுத்தான். ஆடிய பல் வலித்தது.

இதனால் நாளைக்கு வீடு நிற்குமா? அவனுக்குத் தெரியாது. அவள் முகத்தைப் பார்த்தான்; அவளுக்கும் தெரியவில்லை. ஆனாலும் அவள் மண்ணிலிருந்து காலை எடுக்கவில்லை.

படகு வந்து முட்டியது. பயணிகள் கையில் கன்றோடு இறங்கி, வரிசையாக முளைத்திருந்த மனிதர்களைப் பார்த்து நின்றார்கள். எங்கே நடுவது என்று ஓர் அம்மாள் மேனேஜரிடம் கேட்டாள். அவர் புதுக் குழி தோண்டச்சொல்லி ஆளைத் தேடினார்.

குழி தோண்டுகிற ஆட்கள் எல்லாரும் குழிக்குள் இருந்தார்கள்.