இரவல் மெஷினுக்கு ஒரு பொட்டு

எங்கள் பக்கத்தில் கல்யாணம் என்றால் பாதி இரவல்தான். அண்டா ஒரு வீட்டிலிருந்து வரும், ஜமக்காளம் இன்னொரு வீட்டிலிருந்து வரும், பெண்ணின் கழுத்தில் கிடக்கும் காசுமாலை பெரியம்மாவுடையதாக இருக்கும். இதை யாரும் குற்றமாக நினைப்பதில்லை. மாலையைக் கொடுத்தவள் பந்தியில் உட்கார்ந்து, அதன் மேல் ஒரு கண் வைத்தபடியே பாயசம் குடிப்பாள். அவ்வளவுதான். எழில்மொழியும் இந்த மண்ணில் பிறந்தவள். அதனால் வெளிநாட்டுப் பாதுகாப்பு முத்திரைக்காக இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றதும், பெண் பார்க்க வருகிறவர்களுக்குச் செய்வது போலத்தான் அவளுக்கு ஏற்பாடு செய்யத் தெரிந்தது.

ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில் பழைய நெல் கோடவுன் ஒன்றை வாடகைக்குப் பிடித்து, முட்டை பொரிக்கும் இன்குபேட்டர் பெட்டிகள் செய்கிறாள் எழில்மொழி. பெட்டிக்குள் ஹீட்டர், ஃபேன், ஈரத்துக்குத் தண்ணீர்த் தட்டு, சூட்டைக் கட்டுக்குள் வைக்கும் சர்க்யூட் எல்லாம் உண்டு. அவளுடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலிக்கு நின்றவர்கள். அவள் பாலிடெக்னிக் படித்து, தஞ்சாவூரில் கொஞ்ச காலம் வேலை பார்த்துவிட்டுச் சொந்தமாக ஆரம்பித்தாள். அவளிடம் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் பெண்கள். நடவுக்கும் களைக்கும் போய்க்கொண்டிருந்தவர்கள் இப்போது மேசைக்கு முன்னால் உட்கார்ந்து சால்டரிங் வைக்கிறார்கள்.

போர்ச்சுகலிலிருந்து ஒருவர் பெட்டியைப் பார்த்துவிட்டுப் பிடித்திருக்கிறது என்றார். முத்திரை இல்லாமல் ஒரு பெட்டியைக்கூட அந்த நாட்டில் இறக்க முடியாது என்பதையும் சேர்த்தே சொன்னார். மாதிரிப் பெட்டி சோதனைக் கூடத்தில் தேறிவிட்டது. மிச்சம் இருந்தது, பெட்டி செய்யும் இடத்தை இன்ஸ்பெக்டர் வந்து பார்ப்பது மட்டும்தான். அதுவும் தேறினால் இத்தனை பெண்களுக்கும் வருஷம் முழுக்க வேலை. தேறாவிட்டால் வேலை பாதியாகக் குறையும், பாதிப் பேர் மறுபடி சேற்றில் இறங்க வேண்டியதுதான்.

எழில்மொழியிடம் எல்லாம் இருந்தது, ஒன்றைத் தவிர. வெளியே போகும் ஒவ்வொரு பெட்டியையும் எச்.வி. டெஸ்டரில் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது விதி. வீட்டில் வரும் கரண்டைப் போலப் பல மடங்கு அழுத்தத்தை விட்டு, பெட்டியின் வெளித் தகட்டுக்குக் கரண்ட் கசிகிறதா என்று அது பார்க்கும். கசிந்தால் சிவப்பு விளக்கு எரிந்து கத்தும். அவளிடம் இருந்த டெஸ்டர் போன வருஷத்து இடியில் கருகிவிட்டது. ஆர்டர் வரட்டும், வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். உள்ளூருக்குப் போகும் பெட்டிகளை டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்த்தே அனுப்பினாள். ஈரக் கையோடு தண்ணீர்த் தட்டை இழுக்கிறவர்கள் போர்ச்சுகலில் மட்டுமில்லை, பக்கத்து ஊரான பாப்பாநாட்டிலும் இருக்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரியாததில்லை. பாப்பாநாட்டில் யாரும் கேட்பதில்லை, அதுதான் விஷயம்.

இப்போது அவசரமாக ஆர்டர் போட்டால் புது டெஸ்டர் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும் என்றார்கள். இன்ஸ்பெக்டர் வரும் தேதியோ முடிவாகிவிட்டது. எழில்மொழி வண்டியை எடுத்துக்கொண்டு தஞ்சாவூர் தொழிற்பேட்டைக்குப் போய் கலந்தர் முன்னால் நின்றாள்.

கலந்தரிடம்தான் அவள் தொழில் கற்றாள். பேட்டரி சார்ஜர் செய்து வளைகுடாவுக்கு அனுப்புகிறவர். இதே முத்திரையை எப்போதோ வாங்கி வைத்திருக்கிறார். கம்பெனிக்குத் தன் அம்மா ஜன்னத் பீவியின் பெயரை வைத்து ஜன்னத் எலக்ட்ரானிக்ஸ் என்று போர்டு போட்டிருக்கிறார்.

"ரெண்டு நாளைக்குத்தான் அண்ணே. இன்ஸ்பெக்டர் பாத்துட்டுப் போனதும் திருப்பிக் கொண்டாந்து குடுத்துடறேன்."

"அட, எடுத்துட்டுப் போம்மா. இதுக்கு எதுக்கு இப்படி நிக்கிற?"

"உங்களுக்கு வேலை நிக்காதா?"

"ரெண்டு நாள்ல என்ன ஆயிடப் போவுது? டெஸ்ட் பண்றத மட்டும் தள்ளி வச்சுக்கிறோம். பத்திரமா தூக்கு, கனமா இருக்கும்."

அவரே வண்டியில் வைத்துக் கயிறு போட்டுக் கட்டிக்கொடுத்தார்.

டெஸ்டரை இயக்க சான்ட்ராவைப் பழக்கினாள் எழில்மொழி. வேளாங்கண்ணிப் பக்கத்துப் பெண் சான்ட்ரா. கை வேகம், வாய் அதைவிட வேகம்.

"ஏன்க்கா, நம்ம மெஷினுன்னே சொல்லணுமா? ஞாயித்துக்கிழம பாவசங்கீர்த்தனத்துல சாமியார்கிட்ட நான் என்னன்னு சொல்றது?"

"கரண்ட் விட்டேன்னு சொல்லு. போடி, போய் வேலையப் பாரு."

எல்லோரும் சிரித்தார்கள். எழில்மொழியும் சிரித்தாள். இரவல் சீலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தவளும் அன்றைக்குச் சிரித்துக்கொண்டுதான் எறிந்திருப்பாள்.

இன்ஸ்பெக்டர் வரும் நாள் காலையில்தான் எழில்மொழி அதைப் பார்த்தாள். டெஸ்டரின் முகப்பில், அளவு சரிபார்த்த தேதி போட்ட ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. தேதிக்கு மேலேயே ஜன்னத் எலக்ட்ரானிக்ஸ் என்று கம்பெனிப் பெயர். கிழித்தால் தேதியும் போய்விடும். பேப்பர் ஒட்டினால் எதையோ மறைத்தது தெரியும். ரோட்டில் காயப்போட்டிருந்த குறுவை நெல்லுக்கு ஒதுங்கி ஒதுங்கி ஒரு கார் வரும் சத்தம் கேட்டது. எழில்மொழி சுற்றிலும் பார்த்தாள். போன வாரம் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் எல்லா மெஷின்களிலும் இருந்தன. சாமி படத்துக்கு முன்னால் சந்தனக் கிண்ணம் இருந்தது. தண்ணீர் விட்டுக் குழைத்து, ஜன்னத் என்ற பெயரின் மேல் அகலமாக ஒரு பொட்டை அப்பி, நடுவில் குங்குமம் வைத்தாள். சாமிப் பொட்டை எந்த இன்ஸ்பெக்டர் துடைத்துப் பார்ப்பார்? தன் சாமர்த்தியத்தை நினைத்து அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

வந்தவர் பெயர் தியாகராசன். சென்னைக்காரர். அதட்டாமல் பேசினார். டீ வேண்டாம் என்றார், தண்ணீரும் தன் பாட்டிலில் இருந்தே குடித்தார். ஒயரைப் பார்த்தார், எர்த் போல்ட்டைத் திருகிப் பார்த்தார், மேசை மேசையாக நின்று பெண்களிடம் கேள்வி கேட்டார். பெண்களும் பதில் சொன்னார்கள். கடைசியில் டெஸ்டருக்கு வந்தார். வேலையை விட்டுவிட்டு எல்லோரும் சுற்றி வந்து நின்றுகொண்டார்கள்.

சான்ட்ரா பெட்டியில் கிளிப்பை மாட்டி பட்டனை அழுத்தினாள். பச்சை விளக்கு எரிந்தது. கெட்டுப்போன பெட்டி ஒன்றை வைக்கச் சொன்னார். சிவப்பு எரிந்து கத்தியது.

"நல்லா பண்றீங்க. உள்ளூருக்குப் போற பெட்டிக்கும் இந்த டெஸ்ட் உண்டா?"

சான்ட்ரா தலையைக் குனிந்துகொண்டாள்.

"உண்டு சார். எல்லாப் பெட்டிக்கும் உண்டு" என்றாள் எழில்மொழி.

அவர் குனிந்து ஸ்டிக்கரில் இருந்த தேதியைப் பார்த்தார். விரலைப் பொட்டுக்குக் கிட்டே கொண்டுபோனார். அவர் துடைக்கவில்லை. கோயிலில் தொடுவது போல லேசாகத் தொட்டுவிட்டு, விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார். நல்ல பக்திமான் என்று நினைத்துக்கொண்டாள் எழில்மொழி.

"இதுக்கு அளவு சரிபாத்த காலிபரேஷன் பேப்பர் இருக்குமே?"

"ஆடிட்டர் ஆபீஸ்ல இருக்கு சார். மெயில்ல அனுப்பிடறேன்."

"திங்கக்கிழமைக்குள்ள அனுப்புங்க. மத்தபடி குறை எதுவும் எழுதல."

புறப்படும்போது, சாப்பிட்டுவிட்டுப் போகலாமே என்று அவள் கேட்டதற்கு அவர் கையைக் கூப்பினார். "இன்னொரு எடம் பாக்கணும்மா. முத்திரை வாங்கினவங்க எடத்துக்கெல்லாம் சொல்லிட்டுப் போகக் கூடாது. திடீர்னு போய் நிக்கணும். அதான் விதி."

எந்த இடம் என்று எழில்மொழி யோசிக்கவில்லை. காரின் தூசு அடங்குவதற்குள் உள்ளே கேசரிக்கு ரவை வறுக்க ஆரம்பித்திருந்தார்கள். தேறிவிட்டது என்று சொல்ல கலந்தருக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். எடுக்கவில்லை.

சாயங்காலம் அவரே ஆம்னி வேனில் வந்து இறங்கினார்.

"கேசரி வாசம் வருதே, பாஸ்தான் போல! தெரியும்மா எனக்கு. உன் வேலை சுத்தமா இருக்கும்."

"போன் எடுக்கலயே அண்ணே?"

"அது ஒண்ணுமில்ல." வாசலில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். "மத்தியானம் உன் ஆளு நம்ம எடத்துக்கு வந்துட்டாரு."

"யாரு?"

"தியாகராசன்தான். சொல்லாம வந்து நின்னுட்டாரு. வழக்கமா மார்கழியிலதான் வருவாரு. துறைமுகத்துக்கு லாரி வர்ற நாள்னு பசங்க நான் சொன்னத மறந்துட்டு, டெஸ்ட் பண்ணாததையும் சேத்து பேக் பண்ணிக்கிட்டு இருந்தானுங்க. டெஸ்டர் எங்கன்னு கேட்டாரு."

"என்ன சொன்னீங்க?"

"ரிப்பேருக்குப் போயிருக்குன்னேன். எந்தக் கடை, ரசீது எங்கன்னு கேப்பாரோன்னு பயந்துகிட்டே நின்னேன். கேக்கல. மறுபடி வந்து பாக்கற வரைக்கும் முத்திரை ஒட்டக் கூடாதுன்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டாரு. லாரிய காலியா அனுப்பிட்டேன்."

"என் பேரைச் சொல்லியிருக்கலாமே அண்ணே!"

"சொன்னா ரெண்டு பேரும்ல முங்கிப் போவோம்? ஒருத்தராவது கரையேறட்டும்னுதான்." அவர் எழுந்தார். "நீயும் அவசரப்பட்டு எங்கயும் வாயத் தொறக்காத. காலிபரேஷன் பேப்பர் கேட்டிருப்பாரே? அதையும் கொண்டாந்திருக்கேன். மேல என் பேர் இருக்கு, கம்ப்யூட்டர்ல மாத்திக்க."

அவள் கைக்கு ஒரு கவரைக் கொடுத்துவிட்டு அவர் உள்ளே போனார். ஏசியிருந்தால்கூட அவளால் தாங்கியிருக்க முடியும். அவர் கொடுத்துக்கொண்டே இருந்தார், அவள் வாங்கிக்கொண்டே இருந்தாள். கழுத்தில் கிடந்த மாலை உடையவளின் வீட்டில் எழவு விழுந்திருக்கும்போது, கழற்றிக் கொடுக்காமல் மணவறையில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது அவளுக்கு.

உள்ளே கலந்தர் டெஸ்டரைத் தூக்கப் போனவர் நின்று சிரித்தார்.

"அட, என் மெஷினுக்கும் ஆயுத பூஜை போட்டாச்சா? எங்க அம்மா பாத்திருந்தா..."

கோபமில்லாமல், விளையாட்டாகவே, அவர் தோளில் கிடந்த துண்டின் நுனியால் பொட்டைத் துடைத்தார். குங்குமம் போனது. சந்தனம் போனது. அடியில் ஜன்னத் என்ற எழுத்துகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அவர் அதைப் பார்த்தார். மற்ற மெஷின்களில் எந்தெந்த இடத்தில் பொட்டு இருக்கிறது என்பதையும் பார்த்தார். சிரிப்பு முகத்திலேயே நின்றுவிட்டது, ஆனால் அதில் உயிர் இல்லை.

"இது எனக்குத் தோணல பாரு" என்றார் மெதுவாக. "நல்ல யோசனைதான்."

சான்ட்ரா நீட்டிய கேசரியை வாங்கி, ஒரு வாய் வாயில் போட்டுக்கொண்டு, மெஷினைத் தானே தூக்கி வேனில் வைத்தார். கயிறு பிடிக்கக்கூட எழில்மொழியை அழைக்கவில்லை.

வேன் போன பிறகு அவள் வாசலிலேயே நின்றாள். பூமிக்குள் போய்விட மாட்டோமா என்று இருந்தது. உள்ளே பெண்களின் சத்தம் கேட்டது. போர்ச்சுகல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று யாரோ கேட்க, முத்துப்பேட்டைக்கு அந்தாண்டை என்று யாரோ சொல்ல, ஒரே சிரிப்பு. கையில் கவர் இருந்தது. அதைப் பிரிக்காமலே தியாகராசனுக்குப் போன் போட்டாள்.

"சொல்லுங்கம்மா."

"சார், அந்த டெஸ்டர் எங்களுது இல்ல. இரவல் வாங்கி வச்சது. எங்ககிட்ட டெஸ்டரே கெடையாது. உள்ளூர் பெட்டிக்கு நாங்க அந்த டெஸ்ட் பண்றதே இல்ல. நான் சொன்னதெல்லாம் பொய் சார்."

அந்தப் பக்கம் ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு கேட்டது.

"யாருகிட்ட வாங்குனேன்னு மட்டும் கேக்காதீங்க சார்."

"கேக்கல. அங்கயும் எந்தக் கடையில ரிப்பேருன்னு கேக்கல."

அப்படியென்றால் அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

"மத்த மெஷின்ல எல்லாம் பொட்டு காஞ்சு உதிந்துகிட்டு இருந்துச்சும்மா" என்றார் அவர். "அதுல மட்டும் கையில ஒட்டுச்சு. பூஜை முடிஞ்சு ஒரு வாரம் ஆச்சே. ரிப்போர்ட் இன்னும் அனுப்பல. இப்ப தேறலைன்னுதான் எழுதணும். சொந்தமா மெஷின் வாங்கி வச்சுட்டு, உள்ளூர் பெட்டிக்கும் பண்ணிட்டுக் கூப்பிடுங்க, வர்றேன். ரெண்டு எடத்துக்கும் வர்றேன்."

"தெரிஞ்சிருந்தும் காலையிலேயே ஏன் சார் கேக்கல?"

"அத்தன பொம்பளைங்க உங்கள பெருமையா பாத்துக்கிட்டு நின்னாங்க. அவங்க முன்னாடி கேக்க எனக்கு வெக்கமா இருந்துச்சும்மா."

போன் அடங்கியது. உள்ளே அந்தப் பெண்கள் எல்லோரும் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். சான்ட்ரா கதவுக்கு வெளியே தலையை நீட்டி, "அக்கா, உங்களுக்குத்தான் கேசரி எடுத்து வச்சிருக்கு, வாங்க" என்றாள். இவர்களிடமும் சொல்லித்தான் ஆக வேண்டும். எழில்மொழி முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.