பூப்போட்ட சட்டைக்காரி

டெல்மர் புரூயிட்டுக்குப் புயலைவிட, அதைப் பற்றித் தொலைக்காட்சியில் சொல்லிக்கொண்டிருந்த பெண்மேல்தான் சந்தேகம்.

கைப்பேசி காலையிலேயே ஒருமுறை அதிர்ந்து, ‘அவசரம்! விவரங்களுக்குத் தொலைக்காட்சியைப் பாருங்கள்’ என்று கடமையை முடித்துக்கொண்டது. தொலைக்காட்சியில் மாவட்டக் காவல் தலைவரான ஷெரிஃப் வாயசைத்துக்கொண்டிருந்தார். அடியில் ஓடிய எழுத்துகளோ பாதியில் நிறுத்தப்பட்ட சமையல் நிகழ்ச்சியை விடுவதாக இல்லை: ‘வெண்ணெயைத் தாராளமாகச் சேர்க்கவும்.’ பிறவியிலேயே காது கேளாத டெல்மருக்கும் அவர் மனைவி ஒலிட்டாவுக்கும் மிஞ்சியது, ஷெரிஃப் பக்கத்தில் நின்று சைகை மொழியில் பேசிய அந்தப் பெண் ஒருத்திதான்.

கடலுக்குள் நீண்டுகிடக்கும் அந்த ஊரிலிருந்து தப்ப இரண்டே வழி. தெற்கே பாலம், வடக்கே மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போகும் ரோடு. இரண்டில் ஒன்று தண்ணீருக்குள் போகும். எது என்பதுதான் கேள்வி.

ஒலிட்டா பெட்டியை மூடிவிட்டுக் கைகளை வீசினாள். “வடக்குன்னு சொல்றா. பாலத்துப் பக்கமே போகாதீங்கன்றா. கெளம்புய்யா!”

“போன வருஷமும் வடக்குதான் சொன்னாங்க.”

போன வருடம் சைகை காட்டியவன் மாவட்ட அலுவலகத்தில் நாய்களுக்கு உரிமம் எழுதுகிறவன். சைகை வகுப்பில் சில நாள் உட்கார்ந்தவன். ‘மாமியார் நாளை கரையைக் கடக்கிறார்’ என்று முகத்தில் துக்கம் சொட்ட அறிவித்துவிட்டு, வடக்கே கைகாட்டினான். ஷெரிஃப் சொன்னது பாலம் என்பது, காரின் கூரைமேல் உட்கார்ந்து இரவைக் கழித்த பிறகுதான் இவர்களுக்குத் தெரிந்தது. மாவட்ட நிர்வாகம் ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தது. வானொலியில்.

“இவ சட்டையப் பாரு,” என்றார் டெல்மர். “கையால பேசுறவ எவளாவது பூப்போட்ட சட்டை போடுவாளா? கை எது, பூ எதுன்னே தெரியல.”

“ஏதாவது கல்யாணத்துலேர்ந்து இழுத்துட்டு வந்திருப்பாங்க.”

“கண்ணு எங்க போகுது பாத்தியா? ஷெரிஃப் பக்கம் திரும்பவே இல்ல. கேமராவுக்குப் பக்கத்துல எதையோ பாக்குறா. அவரு வாயை மூடினப்புறமும் இவ கை ஓடுது. எவனோ எழுதிக் குடுத்ததை ஒப்பிக்கிறா.”

“கை சுத்தமா பேசுதே. முகமும் சேந்து பேசுதே.”

“நல்லாப் பேசுற புளுகனை நான் பாத்ததில்லையா? உங்கண்ணன் ஒருத்தன் போதாதா?”

ஒலிட்டா விளக்கைப் பட்பட்டென்று அணைத்து அணைத்துப் போட்டாள். அந்த வீட்டில் கத்துவது அப்படித்தான். “சரி, நீயே சொல்லு. பாலமா, வடக்கா? உன் சந்தேகம் தீர்ற வரைக்கும் தண்ணி வாசல்ல நிக்காது.”

பாலம் என்று சொல்லத்தான் டெல்மர் கையைத் தூக்கினார். அதற்குள் திரையில் ஷெரிஃப் காதைப் பொத்திக்கொண்டு குனிந்தார். பின்னால் நின்ற அதிகாரிகள் ஒருசேரத் துள்ளினார்கள். ஒருவர் காப்பியைத் தன்மேலேயே கொட்டிக்கொண்டார். மைக் அலறியிருக்க வேண்டும்.

பூச்சட்டைக்காரிக்கு இமைகூடத் துடிக்கவில்லை. ‘மாத்திரை, போர்வை எடுத்துக்கோங்க’ என்று நிதானமாகச் சொல்லி முடித்தாள். பிறகு திரும்பிப் பார்த்துவிட்டு, “இவங்களுக்கு என்னமோ ஆயிடுச்சு” என்று நேயர்களுக்கு அறிவித்தாள்.

டெல்மரின் கை அந்தரத்தில் நின்றது. “அடியே, இவளுக்குக் காது கேக்காதுடி!”

“அப்போ கேமரா பக்கத்துல யாரோ உக்காந்து, ஷெரிஃப் பேசுறதை இவளுக்குக் கையால சொல்றாங்க. அதை வாங்கி இவ நமக்குச் சொல்றா. அதான் கண்ணு அங்க இருக்கு. அதான் லேட்டு.”

“நம்மாளு,” என்றார் டெல்மர், கார் சாவியை எடுத்தபடி. “சட்டைக்கு மட்டும் மன்னிப்பே கெடையாது.”

தெருமுனையில், போன வருடம் பாலம் வழியாகத் தப்பிய பக்கத்து வீட்டு வெண்டல் இந்த வருடமும் தன் டிரக்கைப் பாலத்துப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தான். டெல்மர் காரைக் குறுக்கே நிறுத்தினார். வெண்டல் இறங்கிவந்து வாயசைத்தான். உதடு பார்த்துப் புரிந்துகொள்வதில் டெல்மர் அப்படியொன்றும் கெட்டிக்காரர் அல்ல. வசவு மட்டும் தெளிவாக விளங்கும். ஒலிட்டா ஒரு தாளில் எழுதி நீட்டினாள்: ‘பாலம் வேண்டாம். வடக்கே போ. டிவியில் சொன்னார்கள்.’

வெண்டல் படித்தான். இருவரின் காதுகளையும் மாறி மாறிப் பார்த்தான்.

“நம்ப மாட்டான்,” என்று டெல்மர் மனைவியிடம் கையசைத்தார். “காது கேக்குறவங்களே இப்படித்தான். சந்தேகப் பிராணிங்க.”

வடக்கு ரோட்டின் முதல் வளைவில் பாலம் கண்ணில் பட்டது. இரண்டு முனைகளும் தெரிந்தன. நடுவில் கடல்தான் இருந்தது. டெல்மர் அவசரமாகக் கண்ணாடியைப் பார்த்தார். வெண்டலின் டிரக், காரின் வாலைப் பிடித்தபடி, பின்னாலேயே ஒட்டி வந்துகொண்டிருந்தது.