அஞ்சு விரல்

மனைவியின் மூக்குக் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தான். இடது பக்கத்தில் ஒரு விரல் ரேகை. அவளுடையதாக இருக்கலாம், நர்ஸுடையதாகவும் இருக்கலாம். துடைத்து முடித்த பிறகுதான் அதை விட்டுவைத்திருக்கலாமோ என்று தோன்றியது.

"இப்ப அதைப் போட்டுவிடணுமா தம்பி?" என்றாள் அவன் மனைவியின் அக்கா.

"இது இல்லாம அவ மாதிரியே இல்லக்கா."

அக்கா நகர்ந்து வழிவிட்டாள். அவன் குனிந்து கண்ணாடியை மனைவியின் காதுகளுக்குப் பின்னால் மாட்டினான். நோயில் முகம் சுருங்கிப்போயிருந்தது. கண்ணாடி மூக்கில் நிற்காமல் வழுக்கியது. மேலே தள்ளிவிட்டான். மறுபடி வழுக்கியது.

"உள்ள கொண்டுபோறப்ப கழட்டிடணும் சார்," என்றார் சாம்பல்நிற உடுப்பு போட்ட ஊழியர். "கம்பி, கண்ணாடி எதுவும் கூடாது. உங்க கையிலயே குடுத்துடுவோம்."

தகனக்கூடத்தின் முன்னறையில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். மாமனார் முதல் வரிசையில் உட்கார்ந்து, வருகிறவர்களிடமெல்லாம் "சாப்ட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். சாப்பிட்டாச்சு என்று சொல்லிவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவனோடு லிஃப்ட் பழுதுபார்க்கிறவர்கள் இரண்டு பேர் வேலை உடுப்பிலேயே வந்தார்கள். எங்கோ ஆறாவது மாடியில் லிஃப்ட் நின்றுவிட்டதாம், போயாக வேண்டுமாம். அவனுக்கும் கூடவே போய்விட்டால் தேவலை என்றிருந்தது.

பிறகு சனிக்கிழமைக் கூட்டம் வந்தது.

பழைய படங்களைத் தேடிப்பிடித்துப் பார்க்கும் கூட்டம் அது. வங்கியில் வேலை செய்யும் அம்மாள் ஒருத்தியின் வீட்டு மாடியில், சனிக்கிழமை சாயங்காலம், திரை கட்டிப் பார்ப்பார்கள். அவனைக் கட்டிக்கொள்வதற்கு முன்பிருந்தே மனைவி அதில் இருந்தாள். இன்றைக்கும் படம் பார்க்க வருகிறவர்களைப் போலவே ஒன்றாக வந்தார்கள், குரலைத் தாழ்த்திக்கொண்டு. முன்னால் விமர்சகர். பத்திரிகையில் எழுதுகிறவர், ஐம்பதைத் தாண்டியவர். எந்தப் படத்துக்கும் முழு எண்ணில் மதிப்பெண் போட மாட்டார். இரண்டரை, மூன்றரை என்றுதான். அதனால் அவள் அவருக்கு அரை ஸ்டார் என்று பெயர் வைத்திருந்தாள்.

அரை ஸ்டாரின் கண்கள் சிவந்திருந்தன. அழுதிருக்கிறார். இவனுக்கு இன்னும் அழுகை வரவில்லை. இதிலும் அவர் முந்திக்கொண்டார்.

அவர் அவள் தலைமாட்டில் வந்து நின்றார். வழுக்கியிருந்த கண்ணாடியை ஒற்றை விரலால் மேலே தள்ளினார். எத்தனையோ தடவை செய்து பழகியவர் போல இருந்தது. அது நின்றுவிட்டது. இவன் தள்ளியபோது நிற்காத கண்ணாடி.

ஆஸ்பத்திரிக்கும் அவர் வந்திருக்கிறார். அப்போது இவன் வெளியே நடையில் உட்கார்ந்திருப்பான். உள்ளேயிருந்து அவள் குரல் உயர்ந்து கேட்கும். "சும்மா இருங்க சார், அது படமே இல்ல!" சிரிப்பு கேட்கும். இருமல் கேட்கும், மறுபடி சண்டை. அவர் போன பிறகு இவன் உள்ளே போனால் கண்ணை மூடிக் கிடப்பாள். "சோர்வா இருக்குப்பா," என்பாள். மிச்சம் இருந்த தெம்பை யார் கொண்டுபோனது என்று அவனுக்குத் தெரியும்.

வங்கி அம்மாள் அவன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினாள்.

"இப்ப கேக்கறது சரியில்லதான். வர்ற சனிக்கிழமை அவ நினைவா ஒரு படம் போடலாம்னு இருக்கோம். அவளுக்கு ரொம்பப் பிடிச்ச படமா. நாங்க பாலத்துப் படம்னு நினைச்சோம். ஆனா அஞ்சு விரலைக் கேக்காம..." சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். "மன்னிச்சுக்கங்க. பழக்கதோஷம். உங்களைக் கேக்காம செய்யக்கூடாதுன்னு."

"அஞ்சு விரலா?"

"கூப்பிடற பேருங்க. தப்பா ஒண்ணுமில்ல. அவதான் வச்சா. படம் முடிஞ்சதும், 'அஞ்சு விரல் வீட்ல காத்திட்டிருக்கும், வரேன்'னு கிளம்பிடுவா."

அவனுக்குப் புரிந்தது.

அந்த மாடிக்கு அவன் ஒரே ஒரு தடவை போயிருக்கிறான், கல்யாணமான புதிதில். அன்றைக்குப் போட்டது அவன் கொண்டுபோன படம். தையல்காரர் படம். கல்யாணக் கோட்டில் ஒரு கையைக் குட்டையாகத் தைத்துவிடும் ஒருவர், அது வெளியே தெரியாமலிருக்க, மாப்பிள்ளை பின்னாலேயே அலைந்து, அவனைக் கல்யாணம் முழுக்க ஒரு கையை மடக்கிக்கொண்டே இருக்க வைப்பார். எத்தனை தடவை பார்த்தாலும் அவனுக்குச் சிரித்து வயிறு வலிக்கும். படம் முடிந்து விளக்குப் போட்டதும் அங்கே ஒரு வழக்கம். யாரும் பேசக் கூடாது. கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, மூன்று எண்ணியதும், ஐந்துக்கு எத்தனை என்று விரலைக் காட்ட வேண்டும். விமர்சகர் மட்டும் கடைசியில்தான் காட்டுவார். அவர் விரலைப் பார்த்தால் மற்றவர்கள் விரல் மடங்கிவிடும் என்று அப்படி ஏற்பாடு.

அவன் ஐந்து விரலையும் விரித்துக் காட்டினான். சுற்றிலும் இரண்டும் மூன்றுமாக நின்றன. பக்கத்தில் அவள் இரண்டு காட்டிக்கொண்டிருந்தாள்.

விமர்சகர் கையை எடுப்பதற்குள் அவன் வண்டியை எடுக்கிறேன் என்று கீழே இறங்கிவிட்டான். அவர் விரலைப் பார்க்காமலே அவர் ரசனைக்கேற்ப அவள் இரண்டு காட்டியிருக்கிறாள். அதுதான் உறுத்தியது. வண்டியில் அவள் பின்னாலிருந்து தோளில் தட்டினாள். "விடுப்பா. கூட்டத்துல உக்காந்தா அப்படித்தான் ஆயிடுது. தனியா பாத்திருந்தா வேற மாதிரி இருந்திருக்கும்."

அதற்குப் பிறகு வீட்டில் தனியாகத்தான் பார்த்தார்கள். அவனுக்கு மனசு சரியில்லாதபோதெல்லாம் அவளே போட்டுவிடுவாள்.

"பாலத்துப் படம் இல்ல," என்றான் வங்கி அம்மாளிடம். "தையல்காரர் படம் போடுங்க. அவளுக்குப் பிடிச்சது அதுதான்."

வங்கி அம்மாள் ஜிப்பை மூடினாள். பின்வரிசையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். அவள் திரும்பி விமர்சகரைப் பார்த்தாள். அந்தப் பார்வை அவனுக்குப் பிடிக்கவில்லை.

"அவரை என்ன கேக்கறீங்க? அவர் ரசனைக்காகத்தான் அவ உங்க முன்னாடி ரெண்டு விரல் காட்டினா. வீட்ல எத்தனை தடவை பாத்திருக்கோம் தெரியுமா?"

குரல் உயர்ந்துவிட்டது. மாமனார் திரும்பிப் பார்த்தார். அக்கா வந்து அவன் தோளில் கை வைத்தாள். விமர்சகர் தலைமாட்டை விட்டு நகர்ந்து, ஒரு நாற்காலியை இழுத்து எதிரில் போட்டு உட்கார்ந்தார்.

"தையல்காரர் படமா?" என்றார். "அதுக்கு நான் நாலரை."

"என்னது?"

"நாலரை போட்டேன். அன்னிக்கு அங்கயும் அஞ்சாவது விரலைப் பாதி மடக்கிக் காட்டினேன், நீங்க இறங்கிப் போயிட்டீங்க. பேப்பர்லயும் எழுதினேனே. படிக்கலையா?"

"நான் உங்களைப் படிக்கிறதில்ல."

"அது நல்லதுதான்." அவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கட்டுரை வந்த அன்னிக்குக் காலங்காத்தால எனக்கு அவங்க போன். நான் பல்லு கூட விளக்கல. 'நாலரையா? மனசைத் தொட்டுச் சொல்லுங்க சார், அந்தக் கோட்டு சீன் எப்படா முடியும்னு உங்களுக்கு இல்லையா?'ன்னு. ஒரு மணி நேரம் திட்டு. பாலத்துப் படம் மட்டும் என்ன, ஆத்துல தண்ணி போறதையே காட்டிட்டிருக்கான், அதுக்கு நான் ரெண்டரை. வந்த காலத்துல யாரும் அதைச் சீண்டல. அவங்க விடவே இல்லையே. ஆஸ்பத்திரியில படுத்துட்டே என்னை மூணரைக்கு ஏத்திட்டாங்க. போன வாரம்."

வங்கி அம்மாள் மெல்ல, "சார், போதும்," என்றாள்.

"இல்ல, அவர் தெரிஞ்சுக்கட்டும்மா. அவங்க யார் சொல்லியும் விரல் காட்டினதில்ல."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவன் மனைவியின் முகத்தைப் பார்த்தான். கண்ணாடி இன்னும் நின்றுகொண்டிருந்தது.

கூட்டத்துல உக்காந்தா அப்படித்தான் ஆயிடுது. தன் விரலை அடுத்தவர் விரல் என்று சொல்லிவிட்டு, சொந்த ரசனை இல்லாதவள் என்று அவன் நினைத்துக்கொள்ள விட்டுவிட்டு, இத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். உண்மையை அந்த ஆளுக்குப் போன் போட்டுச் சொல்லியிருக்கிறாள். ஒரு மணி நேரம் திட்டியிருக்கிறாள். அவனை அவள் ஐந்து நிமிஷம்கூடத் திட்டியதில்லை.

"பாலத்துப் படமே போடுங்க," என்றான்.

"நீங்க மனசுக்குள்ள வச்சுக்காதீங்க," என்றாள் வங்கி அம்மாள். "ரெண்டுமே போடலாம்."

"வேணாம். அது ஒண்ணு போதும்."

விமர்சகர் எழுந்தார். "சனிக்கிழமை படத்தைப் பத்தி என்னைத்தான் பேசச் சொல்றாங்க. எனக்கு அந்தப் படம் இன்னும் சரியா ஒட்டல. மூணரைங்கறதே அவங்களுக்காகத்தான்."

"அப்ப ரெண்டரைன்னே பேசுங்க," என்றான். "இல்லன்னா அவளுக்குக் கோபம் வரும்."

அவர் ஏதோ சொல்ல வந்தார். மறுபடி கைக்குட்டையை எடுத்தார். திரும்பிக்கொண்டார். அவருடைய அழுகை இப்போதும் அவனுக்குப் பொறுக்கவில்லை.

ஊழியர் வந்து, "நேரமாயிடுச்சு சார்," என்றார். கண்ணாடியைக் கழற்றி அவன் கையில் கொடுத்தார். உள்ளே போகும் கதவு சத்தமில்லாமல் மூடியது.

வீட்டுக்கு வந்தபோது மத்தியானம் சாய்ந்திருந்தது. அக்கா சமையலறையில் பாத்திரங்களை எடுத்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள், எதற்கு என்று அவளுக்கே தெரியாமல். மாமனார் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தார். இன்னொரு ஓரம் மனைவியுடையது. அவன் நடுவில் உட்கார்ந்தான்.

"ஏதாவது போடுங்க மாப்பிள்ளை," என்றார் மாமனார். "வீடு இப்படி இருந்தா எனக்கு என்னவோ பண்ணுது."

டிவியைப் போட்டான். கடைசியாகப் பார்த்தது அப்படியே நின்றுகொண்டிருந்தது. தையல்காரர் படம். ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்கு முந்தின நாள் அவள்தான் போட்டாள். விட்ட இடத்திலிருந்தா, முதலிலிருந்தா என்று திரை கேட்டது. முதலிலிருந்து என்று அழுத்தினான்.

மாமனார் பார்த்தார். தையல்காரர் நாடாவைத் தொலைத்துவிட்டுத் தன் கழுத்திலேயே கண்டுபிடித்தபோது லேசாகச் சிரித்தும் விட்டார். சிரித்ததற்காக வருந்தி, சட்டைக் கையால் வாயை மூடிக்கொண்டார். அக்கா வாசற்படியில் வந்து நின்றாள்.

கல்யாண வீடு வந்தது. மாப்பிள்ளை கோட்டைப் போட்டுக்கொண்டு கையை நீட்டினான். தையல்காரரின் கண்கள் விரிந்தன.

இந்த இடம் வரும்போதுதான் அவள் சாய்வாள். அசதியில் தூங்கிவிடுகிறாள் என்றுதான் நினைத்திருந்தான். வேலை செய்துவிட்டு வருகிறவள், பாவம் என்று. ஆனால் அசதியில் தூங்குகிறவர்கள் கண்ணாடியோடுதான் தூங்குவார்கள். அவள் ஒவ்வொரு தடவையும் கண்ணாடியைக் கழற்றி, மடித்து, கைக்கெட்டும்படி சோபாவின் கைப்பிடியில் வைத்துவிட்டு, அவன் தோளில் தலையை வைப்பாள். அவன் சிரித்தால் அவள் தலையும் குலுங்கும். எழுந்துபோனதில்லை.

சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்தான். ஒரு காம்பை மடக்கினான், மறு காம்பை மடக்கினான். அவளுடைய பக்கத்துக் கைப்பிடியில் வைத்தான். ரிமோட்டை எடுத்து, அவள் தலை சாய்த்ததும் எப்போதும் செய்வது போல, சத்தத்தைக் குறைத்தான்.

"கேக்கலையே மாப்பிள்ளை," என்றார் மாமனார்.

அவன் கூட்டவில்லை. திரையில் மாப்பிள்ளை கையை மடக்கிக்கொண்டு எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.