ரிஜிஸ்டரில் இல்லாத ஊசி

சபையே எழுந்து திருவிருந்துக்குப் போனது. பிரிசில்லா மட்டும் கடைசிப் பெஞ்சில் பசை போட்டு ஒட்டியதுபோல் உட்கார்ந்திருந்தாள். பதினோரு மாதமாக இதே கூத்துதான். மாதத்தின் முதல் ஞாயிறு வரும், அப்பமும் திராட்சரசமும் வாங்க வரிசை நகரும், இவள் கைப்பையில் எதையோ தேடுவாள். கேட்டால் நெஞ்சுக்கரிப்பு என்பாள். பதினோரு மாதம் எவளுக்காவது நெஞ்சு கரிக்குமா? கரித்தது, ஆனால் அதற்கு மாத்திரை கிடையாது.

பிரிசில்லா நல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். குழந்தைச் சட்டை தைக்கிற இடத்தில் ஊசிக்கு இருக்கிற மரியாதை முதலாளிக்குக்கூடக் கிடையாது. மெஷினில் ஊசி உடைந்தால் அத்தனை துண்டையும் பொறுக்கி ரிஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்ட வேண்டும். ஒட்டினால்தான் புது ஊசி. ஒரு துண்டு குறைந்தாலும் அந்தச் சட்டைக் கட்டு முழுவதையும் பிரித்துத் தேடியாக வேண்டும். 2006ஆம் வருஷம் தீபாவளிக்கு முந்தின வாரம், லாரி வாசலில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தபோது, ஜெயபாண்டியின் மெஷினில் ஊசி உடைந்து முனை காணாமல் போனது. தேடினால் அன்றைக்குச் சரக்கு போகாது. பிரிசில்லா பழைய ஊசி டப்பாவிலிருந்து வேறொரு முனையை எடுத்து ஒட்டினாள், பக்கத்தில் கையெழுத்தும் போட்டாள். சரக்கு போய்ச் சேருகிற எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஊசி கண்டுபிடிக்கிற மெஷின் இருக்கிறது, அது பிடித்துக்கொள்ளும் என்று மனசுக்குச் சமாதானம் சொன்னாள்.

பிடித்திருக்கும், அந்தச் சட்டை அங்கே போயிருந்தால்!

பிசிர் வெட்டுகிற நதியா, உசிலம்பட்டிப் பக்கமிருந்து பிழைக்க வந்த பெண், அந்தக் கட்டிலிருந்து வாத்துப் படம் போட்ட ஒரு சட்டையை மடியில் ஒளித்துக் கொண்டுபோனாள். அதற்கு முன்னும் பின்னும் அவள் ஒரு நூல்கூட எடுத்ததில்லை. எட்டு மாதக் குழந்தைக்குத் தலை வழியாக மாட்டி இழுத்தபோது, கழுத்துப் பட்டியில் இருந்த முனை இடது கண்ணில் இறங்கியது. கோயம்புத்தூர் வரை தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கண் போய்விட்டது.

திருட்டுச் சட்டை என்பதால் நதியா கம்பெனியில் மூச்சுவிடவில்லை. பிரிசில்லாவிடம் மட்டும் சொல்லி அழுதாள். அன்றைக்கே இவள் வாயைத் திறந்திருக்க வேண்டும். வேலை போகும், பேர் போகும் என்று பயந்து கல்லுப்பிள்ளையார் மாதிரி நின்றாள். வீட்டுக்குப் போய் மண்டியிட்டு, "ஆண்டவரே, மன்னியும்" என்று தரையில் தலையை முட்டினாள். அவர் மன்னித்துவிட்டார் என்று நம்பத்தான் பார்த்தாள். விடிந்தால் நதியா எதிரே வந்து, "சாப்ட்டீங்களாக்கா" என்பாள், நம்பினதெல்லாம் உதிர்ந்துவிடும். அந்த மனசோடு அப்பத்தைத் தொட முடியுமா?

"குற்றமில்லாதவர் குற்றவாளியின் இடத்தில் நின்றார்" என்று போதகர் பீடத்திலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது பக்கத்தில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். பிரிசில்லா திரும்பிப் பார்த்தாள். இடுப்பில் குழந்தையோடு நதியா! இந்தக் கோயிலுக்குள் இதுவரை கால் வைக்காதவள்.

"கோவிச்சுக்காதீங்கக்கா. வாசல்ல நின்னு கேட்டுக்கிட்டு இருந்தேன். இங்க பாவத்த மன்னிக்கிறாகளாம்ல. எனக்கும் மன்னிப்பாகளா?"

"உனக்கென்ன கண்ணு பாவம்?" என்றாள் பிரிசில்லா.

"தெரியாத மாதிரி கேக்குறீங்களே. களவாண்டேன்ல? நேத்து ஊசி ரிஜிஸ்டரப் பொரட்டிப் பாத்தேன்க்கா. எல்லா ஊசியும் முழுசா ஒட்டியிருக்கு. அப்ப எம்பிள்ள கண்ணுல ஏறுன ஊசி எங்கிட்டிருந்து வந்துச்சு? களவாண்டதுக்கு எங்க சாமி பேச்சியாத்தா வச்ச ஊசிக்கா அது. ஆத்தா மனசு எறங்கட்டும்னு பதினோரு மாசமா செருப்பு போடல. எறங்கலயே. எம்புருசனும் எம்மூஞ்சில முழிக்க மாட்டேங்கிறாரு. நா எங்கிட்டுத்தான் போவேன்?"

பிரிசில்லா குனிந்து அந்தக் கால்களைப் பார்த்தாள். குதிகால் பாளம் பாளமாக வெடித்திருந்தது. அடிப்பாவி, என்ன காரியம் செய்துவிட்டாய் என்று தன்னையே கேட்டாள். ஆண்டவர் பிறர் குற்றத்துக்காகத் தெரிந்தே நின்றார், தானாக நின்றார். இந்தப் பெண்ணுக்கு யாருக்காக நிற்கிறோம் என்றே தெரியாது. பிடித்து நிறுத்தியது நான். நிறுத்திவிட்டு, தினமும் வேடிக்கையும் பார்த்திருக்கிறேன்.

அவள் கையைப் பிடித்து வெளியே புங்கமரத்தடிக்கு இழுத்து வந்தாள்.

"அது பேச்சியம்மா வெச்ச ஊசியில்ல கண்ணு. நான் வெச்சது. ஜெயபாண்டி மெசின்ல ஒடஞ்ச முனை கெடைக்கவே இல்ல. லாரி நிக்குதுன்னு வேற முனையை ஒட்டிப்போட்டேன். ரிஜிஸ்டர்ல இருக்கறது பொய்யி. தொலைஞ்ச முனைதான் நீ எடுத்த சட்டையில இருந்துச்சு. நீ அழுத அன்னைக்கே எனக்குத் தெரியும்."

நதியா குழந்தையை இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

"அப்ப ஆத்தா இல்லையா?"

"இல்ல கண்ணு."

நதியா குழந்தையின் குழிந்த கண்ணில் திரும்பத் திரும்ப முத்தமிட்டாள். "உன்னய ஆத்தா குத்தலடி! எந்தங்கமே, ஆத்தா குத்தல!" என்று ஓலமிட்டாள். பிறகு நிமிர்ந்து, பிரிசில்லாவின் கன்னத்தில் பளாரென்று ஒன்று விட்டாள்.

"பதினோரு மாசம் எம்மூஞ்சியப் பாத்துக்கிட்டு ஒக்காந்து சோறு தின்னியேடி!"

பிரிசில்லா மண்ணில் விழுந்து அவள் காலைப் பிடித்தாள். "மன்னிச்சுப்போடு கண்ணு."

"முடியாது."

அதற்கு மேல் கெஞ்ச வாய் வரவில்லை. மன்னிப்பைக் கேட்கலாம், பிடுங்க முடியுமா? "நாளைக்கு ரிஜிஸ்டரை மொதலாளி மேசையில வெச்சுச் சொல்லிப்போடறேன். இப்ப உன்ற ஊட்டுக்காரர்கிட்டச் சொல்றேன். வா" என்று எழுந்தாள்.

கோயில் படியோரம் செருப்புகள் குவிந்து கிடந்தன. தன்னுடையதைத் தாண்டி அப்படியே நடந்தாள். வெயிலில் தார் ரோடு கொதித்தது. சுடட்டும், நன்றாகச் சுடட்டும் என்று ஒவ்வொரு அடியையும் அழுத்தி வைத்தாள். இருபது அடி போவதற்குள் கண்ணில் நீர் முட்டிவிட்டது. இந்தச் சூட்டிலா இவள் பதினோரு மாதம் நடந்தாள்?

பின்னாலிருந்து ஒரு ஜோடி செருப்பு அவள் முன்னால் வந்து விழுந்தது. அவளுடைய செருப்புதான். நதியா மூச்சு வாங்க வந்து நின்றாள்.

"வெறுங்கால்ல நடந்தா போன கண்ணு வராதுக்கா. நா நடந்து பாத்துட்டேன். போட்டுக்கிட்டு வெரசா வாங்க, அவரு வெளிய கெளம்புறதுக்குள்ள சொல்லணும்."

பிரிசில்லா அழுதுகொண்டே செருப்பை மாட்டினாள். குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நதியா முன்னால் நடந்தாள், வெறுங்காலோடுதான்.