நூலுக்கு எட்டாத மரம்

1.
இந்தக் கதை ஒரு குறும்புக் கேள்வியில் பிறந்தது. கேட்டவன் முத்தப்பன், பள்ளத்தூர்ப் பக்கத்துப் பள்ளியில் பத்தாம் வகுப்பு, மரக்கடைக்காரர் மகன். (பொய். கேட்டவன் நான். பழி சுமக்க ஆள் வைத்துக்கொள்வது எங்கள் வீட்டு வழக்கம்.)

முதலில் எழுதிய தொடக்கம்: ‘ரங்கூன் துறைமுகத்தில் கப்பல் ஊதியபோது ஆசியா பீவி தன் கையை...’ கையை என்ன செய்தாள்? நான் பார்க்கவில்லை. வரியை அடித்துவிட்டேன்.

2.
சபியுல்லா சார் ரங்கூனில் தேக்கைத் தரம் பிரித்தவர். அறுபத்து நாலில் பர்மாவிலிருந்து நம்மவர்களை வெளியேற்றியபோது ஊருக்கு வந்தார். மனைவி ஆசியா அந்நாட்டுப் பிரஜை, அவளை விடவில்லை. கடிதம் மாதம் ஒன்று வந்தது, அப்புறம் வருடம் ஒன்று. இப்போது பதினான்கு மாதமாக இல்லை. இங்கே பையன்களுக்குக் காடு வளர்ப்பும் மர வியாபாரமும் கற்பித்தார். (காடாவது? கண்மாய்க் கருவேலம்தான்.)

சாரின் அக்கா மாப்பிள்ளை பீர் முகம்மது வந்தார்.

“மச்சான், உங்களுக்குப் பாத்த கண்டரமாணிக்கத்துப் பொண்ணு வீட்டுக்கு வெள்ளிக்கிழமை பதில் சொல்லணும்.”

“ஆசியா வருவா.”

“அஞ்சு வருசமாச்சு. கப்பலை அங்குட்டே புதுசாக் கட்டி ஏறி வாராகளோ?”

3.
வியாழக்கிழமைப் பாடம், மரத்தை எப்போது வெட்டுவது. கண்மாய்க்கரையில் ஒரு கருவேலத்தைச் சுற்றி நூல் பிடித்தபடி சார் சொன்னார்:

“வருசா வருசம் சுத்தளவு எடு. பருக்கிற வரைக்கும் நிறுத்து. பருக்கிறது நின்னுருச்சா, வெட்டிரு. அதுக்கு மேலே காத்திருக்கிறவன் யாவாரி இல்லே.”

“நூலுக்கு எட்டாத தூரத்துல மரம் இருந்தா, சார்? பருக்குதா, நின்னுருச்சான்னு எப்படித் தெரியும்?” என்றான் முத்தப்பன்.

“எம்புட்டுத் தூரம்டா?”

“கடலுக்கு அங்குட்டு.”

வகுப்பே சிரித்தது. ஊரறிந்த சங்கதி. சார் நூலை அவிழ்த்தார். திரும்ப அதே மரத்தில் சுற்றினார்.

(கண் கலங்கினார் என்று எழுதினால் நன்றாக விலைபோகும். கலங்கவில்லை. அளவைச் சொல்ல மறந்தார், நாங்களும் கேட்கவில்லை.)

4.
அந்த வாரமே அப்பச்சி (எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான்) என்னை மதுரைக் கடையில் உட்காரவைத்துவிட்டார். மேற்கொண்டு நடந்ததை ஊர்க்காரர்கள் சொல்ல வந்தால் பேச்சை மாற்றிவிடுவேன்.

முடிவு ஒன்று: சார் சம்மதிக்கிறார். சனிக்கிழமை ஆசியாவின் கடிதம் வருகிறது.

முடிவு இரண்டு: மறுக்கிறார். கடிதம் வரவே இல்லை.

முடிவு மூன்று: மறுக்கிறார்; ஆசியாவே பஸ்ஸை விட்டு... இதை எழுதும்போது கை ஓடுகிறது, மனசுதான் நம்பமாட்டேன் என்கிறது.

ஆகவே வெள்ளிக்கிழமையிலேயே நிற்கிறேன். தொழுகை முடிந்து, செருப்பை மாட்டிக்கொண்டே பீர் முகம்மது கேட்கிறார்:

“என்ன மச்சான், போய்ச் சொல்லிட்டு வரவா?”

சபியுல்லா சார் வாயைத் திறக்கிறார். என்ன சொன்னார் என்பதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு மட்டும் சொல்லிவிடாதீர்கள்.